இன்னும் பச்சைதான்

– இன்னிக்காவது நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மாஸ்டர். இந்த மேல் கொத்துல தொங்குதே, அது.

– பார்த்துட்டேன் பிளம்பர். இன்னும் பச்சைதான்.

– எந்தப் பச்சை?

– எந்தப் பச்சைன்னா? பச்சைன்னா பச்சைதான். கிளிப்பச்சை.

– நேத்து கரும்பச்சைன்னீங்களே? கிளிப்பச்சை அதைவிட இளசு இல்ல? என்ன, மிளகாய் பின்னாடி போகுதா?

– ஐயோ சாமி! நாள் முழுக்க நூல்கண்டோட குடித்தனம் பண்ற தையல்காரி நான். உங்க கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணு. நீங்க எனக்கு நிறம் சொல்லித் தர்றீங்களா?

– சொல்லித் தரல. கேட்டேன், அவ்வளவுதான்.

– கேட்டா பதில் சொல்லியாச்சு.

– இந்தக் கண்ணாலதான் சின்ன வயசுல கரன்ட் வேலையை விட்டேன். சிவப்பு வயரை எடுடான்னா பச்சையை எடுத்து நீட்டுவேன். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, தம்பி, நீ குழாய் வேலைக்குப் போன்னு அனுப்பிட்டாரு.

– நல்லதாப் போச்சு. இல்லேன்னா இந்தத் தெருவுல பாதி வீடு எரிஞ்சிருக்கும். அதனால சொல்றேன், தண்ணி ஊத்தறது உங்க பொறுப்பு, நிறம் பார்க்கறது என் பொறுப்பு.

– சரிதான். ஆனா மகள் தினமும் போன்ல கேக்கறாளே. பழுத்துச்சா, பழுத்துச்சான்னு. மிளகாயைப் பறிச்சதும் ரூமைக் காலி பண்ணிட்டு உன்கூட வந்துடறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்.

– மிளகாய்க்கு என்ன, யாராவது பின்னாடி நின்னு விரட்டறாங்களா? அது பாட்டுக்குப் பழுக்கட்டும்.

– அங்க அறை ஒழிச்சு வெச்சிருக்கா. மருமகன் புதுசா கட்டில் வேற வாங்கிப் போட்டிருக்காராம். போன மழையில நான் படியில வழுக்கி விழுந்ததுலேருந்து அவளுக்குத் தூக்கமே இல்ல.

– விழுந்தீங்களே, யாரு வந்து தூக்கினா?

– நீங்கதான்.

– அளவு டேப்பு கழுத்துல தொங்கத் தொங்க ஓடி வந்தேன். பாதி தைச்ச கவுன் மெஷின்லயே கிடந்துச்சு. அதை மகள்கிட்ட சொன்னீங்களா?

– சொல்லல.

– சொல்ல மாட்டீங்க. வாயில வாஷர் போட்டு இறுக்கி வெச்சிருக்கீங்க.

– அது என்ன சத்தம்? யாரோ படியேறி வர்றாங்க.

– அப்பா! மூணு மாடிக்கு ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா இந்தக் கட்டடத்துல? உயிரே போகுது.

– அட, நீயா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே?

– சொல்லிட்டு வந்தா இன்னும் பழுக்கலம்பீங்க. அதான் நேர்லயே பார்த்துட்டு, கையோட கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன். நல்லா இருக்கீங்களா டெய்லர் அக்கா?

– இருக்கேன்மா. முதல்ல உட்காரு. அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உட்காரு.

– எங்க அந்த மிளகாய்? இதுவா... அப்பா! என்னப்பா இது, செக்கச்செவேல்னு தொங்குது!

– அப்படியா?

– அப்படியாவா? அடியில ரெண்டு மூணு தவிர எல்லாமே சிவப்பு. இது சுருங்கவே ஆரம்பிச்சிடுச்சு. நேத்து ராத்திரிகூட பழுக்கலன்னு சொன்னீங்களே?

– மாஸ்டர் பார்த்துச் சொன்னாங்க.

– அக்கா?

– நான் கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன்மா. அயர்ன் பெட்டியை அணைச்சேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. வர்றேன்.

– பார்த்து இறங்குங்க மாஸ்டர். படி ஈரமா இருக்கு.

– அப்பா, அவங்க உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க.

– மெல்லப் பேசு. இன்னும் ரெண்டாவது மாடியைத் தாண்டியிருக்க மாட்டாங்க.

– கேக்கட்டுமே! உங்களுக்கு நிறம் தெரியாதுன்னு தெரிஞ்சே இப்படிப் பண்ணலாமா? சரி, தனக்குப் பறிச்சுக்கிட்டாங்களா?

– ஒண்ணுகூடத் தொடல.

– பின்ன? பழுத்ததைப் பச்சைன்னு சொன்னா அவங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது? பழுக்காம இருந்தா நீங்க இங்கேயே... அப்பா.

– ம்.

– பறிச்சதும் கிளம்பிடுவேன்னு அவங்ககிட்டயும் சொல்லி வெச்சிருக்கீங்களா?

– சொன்னேன். ரூம் காலி பண்றதைச் சொல்லாம இருக்க முடியுமா?

– ஐயையோ. நான் ஒரு மக்கு. வந்ததும் வராததுமா இப்படிப் போட்டு உடைச்சிட்டேனே. அவங்க மூஞ்சியே செத்துப் போச்சு.

– உன் மேல என்ன தப்பு? கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொன்னே, அவ்வளவுதான்.

– உங்களுக்கு அவங்க மேல கோபம் இல்லையா?

– எனக்கு எதுக்குக் கோபம்? நீ ஒண்ணு பண்ணு. கீழ போய் அவங்களை அனுப்பி வை. அவங்க வராம நான் இந்தச் செடியில கை வைக்கறதா இல்ல.

– வர மாட்டாங்கப்பா. கூச்சமா இருக்கும்.

– காம்பு வெட்டக் கத்திரிக்கோல் வேணுமாம்னு சொல்லு. வருவாங்க. நீ கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கோ.

– எவ்வளவு நேரம்?

– உனக்குப் புரியும்.

– புரியுது, புரியுது. எனக்குப் புரிஞ்சு என்ன, உங்க மருமகனுக்குப் புரிய வைக்கணுமே.

*

– இந்தாங்க கத்திரிக்கோல். துணி வெட்டறது. காம்பை வெட்டி மழுங்கடிச்சிடாதீங்க.

– வாங்க மாஸ்டர். அயர்ன் பெட்டி அணைச்சிருந்துச்சா?

– கிண்டல் வேறயா? திட்டணும்னா திட்டிடுங்க. பக்கத்துல யாரும் இல்ல.

– மகள் என்ன பண்றா?

– என் மெஷின் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு வீட்டுக்காரர்கிட்ட போன் பேசறா. கட்டில் இருக்கட்டும், நாம ரெண்டு பேரும் போய் அப்பாவை அடிக்கடி பார்த்துட்டு வரலாம்னு என்னென்னமோ சொல்றா. எனக்கு ஒண்ணும் விளங்கல. இங்க பாருங்க பிளம்பர், நான் பொய் சொன்னேன்.

– ம்.

– முதல்ல ஒரே ஒரு காய்தான் செம்மஞ்சளாத் திரும்புச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாள் பார்த்தா நாலஞ்சு. அப்புறம் சொல்ல வாய் வரல. வேற எதுல வேணா பொய் சொல்லியிருக்கலாம். உங்க கண்ணை வெச்சு விளையாடிட்டேன் பாருங்க, அதுதான் எனக்கே தாங்கல.

– கையைக் கொடுங்க.

– எதுக்கு?

– கொடுங்களேன். இது அடிக் கொத்து. இதை அமுக்கிப் பாருங்க.

– விறைப்பா இருக்கு.

– இது காய். இப்போ மேல இருக்கறதை அமுக்குங்க. பார்க்க வேணாம், விரலால மட்டும்.

– லேசா விட்டுக் கொடுக்குது. தோல்கூடச் சுருங்கியிருக்கு.

– அதே விரலால காம்பை மேல்பக்கமாத் தூக்குங்க. இழுக்காதீங்க. தூக்குங்க, அவ்வளவுதான்.

– ஐயோ சாமி, கழண்டு கையோட வந்துடுச்சு!

– பழுத்தது அப்படித்தான் வரும். பழுக்காதது கிளையோட மல்லுக்கட்டும்.

– அப்போ கத்திரிக்கோலே வேணாமே?

– வேணாம்தான்.

– இருங்க, இருங்க. இதையெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?

– காலம் பூரா சிங்க்குக்கு அடியில, இருட்டுல கையை விட்டு வேலை பார்த்தவன் மாஸ்டர். கண்ணை நம்பி நான் எந்த நட்டையும் திருகினது கிடையாது.

– அப்போ இது பழுத்தது உங்களுக்கு எப்போ தெரியும்?

– முதல் காய் திரும்பின அன்னிக்கே.

– தெரிஞ்சு வெச்சுக்கிட்டா தினமும் காலையில குரல் கொடுத்து என்னை மூணு மாடி ஏற வெச்சீங்க? என் முட்டி என்னத்துக்கு ஆகும்? எதுக்குங்க அப்படிக் கேட்டீங்க?

– இன்னிக்கும் பச்சைன்னு சொல்றீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான்.