விஷமில்லாத தோட்டம்

1981 செப்டம்பர் 14, திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. இரவெல்லாம் தூறிய மழை விட்டிருந்தது. வானம் மூடியே கிடந்தது. ரோஜா இலைகளில் ஈரம் காயவில்லை. ஈரமான இலைமேல் டயட்டம் மண் என்னும் வெள்ளைப் பூச்சிப்பொடியைத் தூவுவது அறியாமை. அது களிம்பாகிவிடும், களிம்பான பின் எறும்புகூட அதை மதிக்காது. ஆகவே அன்று வெளியே வேலை இல்லை. என்னிடம் வேலை செய்த பெண்கள் நால்வரையும் பொடி சலிக்கும் கொட்டகைக்கு அனுப்பினேன். பாஞ்சாலியைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது அன்று தொடங்கியது. ஆகையால் அங்கிருந்து சொல்கிறேன்.

நான் கோபக்காரன் அல்லன். புலவர் தேர்வில் தேறி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளியில் இலக்கணம் நடத்தியவன். பிறகு ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் நடுவே, நெல் விளைந்த நிலத்தில் எழுந்த இந்தச் சர்க்கரைப்பாகு ஆலையில் தோட்ட மேற்பார்வையாளன் ஆனேன். பிழையைக் கண்டால் சிவப்பு மையால் வட்டமிடுவது என் கைப்பழக்கம். ஓட்டை விழுந்த கத்தரி இலையைப் பார்க்கும்போதும் என் விரல்கள் அந்தப் பேனாவைத் தேடும்.

அந்நாளில் சுற்றுவட்டாரம் முழுதும் என்ட்ரின் என்னும் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். தெளித்த வயலை ஒட்டிய வாய்க்காலில் கொக்குகள் செத்து மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நிர்வாகத்திடம் வாதாடி, ஆலை வாயிலில் ஒரு பலகை வைத்தேன்: ‘இத்தோட்டத்தில் விஷம் பயன்படுத்தப்படுவதில்லை.’ அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் எந்த விருந்தாளியும் திரும்பியதில்லை.

விஷத்துக்கு மாற்று, பாகு வடிகட்டப் பயன்படும் அந்த வெள்ளைப் பொடி. கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் மண்ணாகிக் கிடப்பதை வெட்டி எடுக்கிறார்கள். ஊர்ந்து வரும் பூச்சியின் தோலில் உள்ள மெழுகை அது உறிஞ்சிவிடும். உடலின் நீர் வற்றிப் பூச்சி சாகும். தூவுவதற்கு முறை உண்டு. பனி காய்ந்தபின் தூவ வேண்டும். காற்றுக்கு எதிரே நிற்கக் கூடாது. தண்டைச் சுற்றியும் இலையின் அடியிலும் மெல்லிய படலமாக இருந்தால் போதும். மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். பூவின்மேல் ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் தேனீ செத்துவிடும். இந்தக் கடைசி விதியை மீறிய ஒருத்தியை நான் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் பொறுப்பிலிருந்த காலத்தில் அந்தத் தோட்டத்தில் தேனீ ஒன்றும் சாகவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மற்றொரு விதியும் உண்டு. தூவுகிறவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

பொடியில் இரண்டு வகை என்பதும் எனக்குத் தெரியும். வெட்டி எடுத்தபடியே அரைத்தது ஒன்று. தோட்டத்துக்கு உரியது அது. சூளையில் சுட்டது மற்றொன்று. வடிகட்டியில் போடுவதற்கு ஆனது. சுட்டது பூச்சியை அவ்வளவாகக் கொல்லாது. மனித நெஞ்சில் இறங்கினால் திரும்பி வராது. எங்கள் ஆலையில் கிழிந்தும் கட்டி தட்டியும் கழிக்கப்பட்டுத் தோட்டத்துக்கு வந்த மூட்டைகள் எல்லாம் சுட்ட வகை. வடிகட்டும் பிரிவின் கெமிஸ்ட் யாக்கோபு என் மேசைக்கே வந்து சொன்னார்.

“சார், அது ரோஜாவுக்குப் போடுற சரக்கு இல்ல. எங்க ஆளுங்க மாஸ்க் இல்லாம மூட்டையைத் தொட மாட்டாங்க. மாஸ்க் ஸ்டோர்ல நெறைய கீது, எழுதிக் குடுத்து வாங்கிக்கங்க.”

“பார்க்கிறேன்” என்றேன். பார்த்தேன். விஷமில்லை என்று பலகை வைத்த தோட்டத்தில், முகமூடி அணிந்த நான்கு பெண்கள் வரிசையாக நிற்பதை மனக்கண்ணால் பார்த்தேன். பலகையின் கீழே படம் எடுக்க வருகிறவர் என்ன கேட்பார்? சரியான வகையை வரவழைக்கவும் நான் எழுதவில்லை. எழுதினால், இரண்டு ஆண்டுகளாகத் தவறான பொடியைத் தூவியவன் நான் என்று ஆகும்.

பூச்சிகள் குறையவில்லை. குறை பொடியில் இல்லை, அது நயமாகச் சலிக்கப்படாததில் இருக்கிறது என்று முடிவு செய்தேன். கம்பிச் சல்லடையை நிறுத்தி, பழைய மல் வேட்டியை இரட்டையாக மடித்துக் கட்டிச் சலிக்கச் சொன்னேன். நயமான பொடி காற்றில் பறந்தது. ஆகவே கொட்டகையின் கதவையும் சன்னல்களையும் அடைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றும் முன்னதிலிருந்து முறையாகப் பிறந்த முடிவு. எந்த இடத்தில் நான் வழுவினேன் என்று நீங்கள் சுட்டிக்காட்ட முடியாது.

இனி அந்தத் திங்கட்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து மலர்க்காட்சி நடுவர்கள் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதரைக்குக் கொட்டகைக் கதவைத் திறந்தேன். மூன்று பெண்கள் வெறும் முகத்தோடு சலித்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலி மட்டும் ஈரத் துணியை மூக்கின்மேல் இறுகக் கட்டியிருந்தாள். வல்லத்துக்காரி, முப்பது வயது இருக்கும். அவள் புருஷன் தசரதனின் நிலம் ஆலையின் மதிலுக்குள் போய்விட்டது. அதற்கு ஈடாக அவளுக்கு நிரந்தர வேலை தருவதாக ஆலை வாக்களித்திருந்தது. தருவதா வேண்டாமா என்று பரிந்துரைக்க வேண்டியவன் நான்.

“துணியை அவிழ்” என்றேன்.

“இன்னாத்துக்கு வாத்தியாரே? பூச்சி சாவணும்னு தூவுற பவுடரு. அத நான் ஏன் துன்னணும்?”

“அது விஷம் அன்று.”

“விஷமில்லன்னா நீ ஏன் வாசப்படியிலயே நின்னுகினு பேசுறே? உள்ள வாயேன்.”

செங்கமலம் என்கிற மற்றொருத்தி குனிந்தபடியே சொன்னாள்: “சும்மாரு பாஞ்சாலி. உள்ள வந்தா வேட்டி வெளுத்துடும்னு பயப்படுறாரு.”

“வெளுத்தா நல்லதாச்சே! சோப்பு மிச்சம்.”

நால்வரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் மூவருக்கு இருமல் வந்தது. எனக்குப் பின்னால் தோட்டக் குழாயடியில் நின்ற ஆண்களும் சிரித்தார்கள். பத்தொன்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் நான். என்னை ஒருமையில் அழைத்து, மாணவர்கள் முன்னால் கேள்வி கேட்டவன் ஒருவனும் இல்லை. அவள் கேட்ட கேள்வியில் பிழையும் இல்லை. என்னைச் சினம் கொள்ளச் செய்தது அதுதான்.

நான் உள்ளே போகவில்லை. கையை மட்டும் நீட்டி, அவள் முகத்திலிருந்து துணியை இழுத்தேன். முடிச்சு அவிழாமல் கூந்தலோடு வந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மற்ற மூவரையும் வெளியே வரச் சொன்னேன். “இனிச் சலிக்கும் வேலை இவளுக்கு மட்டும்” என்று சொல்லிக் கதவை அடைத்தேன். நடுவர்கள் குறித்த நேரத்துக்கு வந்தார்கள். முதல் பரிசு எங்களுக்கே கிடைத்தது.

அன்று முதல் மழை நாளிலும் வெயில் நாளிலும் அவள் கொட்டகையில் இருந்தாள். வெளியே மூவர் தூவுவதற்கு ஒருத்தி சலிக்க வேண்டும் என்றால், அவள் நிமிரவே முடியாது. துணி கட்டியிருக்கிறாளா என்று நாள்தோறும் கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பேன். கட்டியிருந்தால் வருகைப் பதிவில் அவளுக்கு அரை நாள். இரண்டு முறை அப்படிச் செய்தபின் அவள் கட்டுவதை விட்டுவிட்டாள். வேலையை விட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனால் நிலத்துக்கு ஈடான வேலை போய்விடும். அதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

அடுத்த ஆண்டு ஆடி மாதம் தசரதன் வந்தான். சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“சார், அவள வெளி வேலைக்கு மாத்திவுடுங்க சார். ராத்திரியில படுக்க முடியல, செவுத்துல சாஞ்சி குந்திக்கினே தூங்குறா. மாடிப்படி கூட இல்ல சார் எங்க வூட்ல, வாசலாண்ட போய் வர்றதுக்கே மூச்சு வாங்குது.”

“அவளே வந்து கேட்கட்டும்” என்றேன்.

“வாய்க்கொழுப்புல ஏதோ பேசிட்டா. மனசுல வச்சிக்காதீங்க.”

“மனத்தில் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியவர் கேட்க வேண்டும்.”

அவள் வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. மற்ற பெண்கள் கைகழுவும் நேரம் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். குழாயடியில் நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சைத் தேடி எடுத்து, “மன்னிச்சிக்குங்க சார். தப்பா பேசிட்டேன். நீங்க பெரியவங்க” என்றாள். நீங்கள் என்றே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் கன்ன எலும்புகள் துருத்தியிருந்ததை நான் கவனித்தேன். அவளை அப்போதே வெளியே அனுப்பியிருக்கலாம்.

“கொட்டகையில் இருக்கும் மூட்டைகளை முடித்துவிட்டு வா” என்றேன்.

யாக்கோபுவின் பிரிவு கழித்த மூட்டைகள் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தன. வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடிவு இல்லாத ஒன்றை முடிக்கச் சொன்னேன் என்பதை அவள் புரிந்துகொள்ளச் சில நாள் ஆகியிருக்கும். புரிந்தபின்னும் சலித்துக்கொண்டிருந்தாள். அதை நான் ஒழுங்கு என்று கருதினேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் ஆள் அனுப்பிக் கேட்டார்: இவளுக்கு ஆலையில் என்ன வேலை? ‘தோட்ட வேலை’ என்று பதில் எழுதினேன். அது பொய் அன்று. சயரோகம் என்று மருந்து கொடுத்தார்கள். பொடி என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள் என்று யாக்கோபு என்னிடம் கத்தினார். மனிதர் கத்துவதற்குப் பழகியவர். உங்களுக்குப் புகார் எழுதியதும் அவரே என்று நினைக்கிறேன். 1983 பிப்ரவரியில் அவள் இறந்தாள்.

அவள் இறப்பாள் என்று தெரிந்திருந்ததா என்று கேட்கிறீர்கள். வேறொருவர் நாள்கணக்காகச் சுற்றி வளைத்துச் சொல்வார். நான் வாக்கியத்தை வளர்க்க விரும்பவில்லை. தெரிந்திருந்தது. கதவை அடைத்த அன்றே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு, அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை, நாள்தோறும் அடைத்தேன். அன்று எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிற்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அவளிடம் எந்தப் பகையும் இல்லை.

ஆனால் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தசரதன் என் அறைக்கு வந்தான். உடன் பாஞ்சாலியின் தங்கை கங்காவும் வந்தாள், பத்தொன்பது வயது. அக்காவின் வேலையைத் தங்கைக்குக் கொடுத்தால், போன நிலத்துக்கு ஏதோ ஒன்று மிஞ்சும் என்று அவன் கேட்டான். நிர்வாகம் தயங்கியது. நிரந்தரம் ஆகாதவளுக்கு வாரிசு உரிமை இல்லை என்பது விதி. நான் மாடி ஏறி இறங்கி வாதாடினேன். கருணை அடிப்படையில் நியமிக்கலாம் என்று ஒரு பக்கத்தில், ஓர் அடித்தலும் இல்லாமல், நானே எழுதிக் கொடுத்தேன். பொது மேலாளர் படித்துப் பார்த்து, “தமிழ் நல்லாருக்கு” என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.

நியமன உத்தரவில் வேலை இடம் என்ற கோடு காலியாக இருந்தது. அதை நிரப்பும் உரிமை எனக்கு உண்டு. நிரப்பினேன்.

உத்தரவு வாங்க இருவரும் வந்தார்கள். தசரதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். “உங்க வூட்டு நாய் மாதிரி கெடப்போம் சார்” என்றான்.

கங்கா கேட்டாள்: “அக்கா வேல பாத்த எடமா சார்?”

“ஆம்.”

அவள் தசரதனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தோட்டத்திலும் அன்று ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டேன். அவள் கேட்கவில்லை, நான் உத்தரவை அவள் கையில் கொடுத்தேன்.