அண்ணியின் கன்னங்கள்

உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு தூக்கம் கெட்டு வந்ததில்லை மேடம். கண்ணாடியின் மூக்குப்பிடி அழுத்துவதால் வருவது. கடையில் கொடுத்துக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் ஒரு மாதத்தில் மறைந்துவிடும். பார்லர் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. யாரைப் பார்த்தாலும் முகத்தில் என்ன சரி செய்யலாம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. நான் வாயால் சொன்னதில் பாதியை ஏட்டம்மா எழுதாமல் விட்டுவிட்டார்கள். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டேன்.

என் பெயர் ஜெயபாரதி. குமாரசாமியின் மகள். திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பார்லர். வயது முப்பத்திரண்டு. தரகரிடம் இருபத்தெட்டு என்று கொடுத்திருக்கிறோம். அதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டியதில்லை.

அம்மா இல்லை. அண்ணன் குணா இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனான். ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னோம். உண்மையில் அவனுக்கு வந்தது எது என்று அப்பாவுக்கும் எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணிக்கும் அவன்தான் அதைக் கொடுத்துவிட்டுப் போனான். அண்ணி பெயர் நாகஜோதி. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவள். என்னைவிட மூன்று வயது சின்னவள். நான் அண்ணி என்றும் அவள் பாரதி என்றும் கூப்பிட்டுக்கொள்வோம். எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கோயமுத்தூரில் அரசாங்க ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுக்கிற மாத்திரையை அண்ணி வேளை தவறாமல் சாப்பிட்டாள். உடம்பு தேறியது, பசி எடுத்தது, மறுபடியும் கம்பெனிக்குப் போனாள். ஆனால் கன்னம் மட்டும் உள்ளே போய்விட்டது. பிசைந்த மாவில் இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினால் எப்படிக் குழியும், அப்படிக் குழிந்தது. மற்ற ஊரில் அந்த முகத்தைப் பார்த்தால் பாவம், இளைத்துவிட்டாள் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது எந்த நோயின் முகம் என்று எல்லோருக்கும் தெரியும். கம்பெனி வேனில் அவள் ஏறினால் பேச்சு நின்றுவிடும்.

என்னைப் பெண் பார்க்க இரண்டு முறை ஆட்கள் வந்தார்கள். இரண்டு முறையும் காபியும் முறுக்கும் நல்லபடியாக முடிந்தது. கிளம்பும்போது சமையல்கட்டு வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தார்கள். மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருத்தம் பார்த்த பிறகுதானே பெண் பார்க்கவே வந்தார்கள்? அன்றைக்கு நான் பார்லர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்குப் பயமாக இருந்தது மேடம். ஊரில் அத்தனை கல்யாணப் பெண்ணுக்கும் அலங்காரம் செய்து அனுப்பிவிட்டு, நான் மட்டும் இப்படியே கிழவியாகிவிடுவேனோ என்று பயம். அந்தப் பயத்தோடு எழுந்து அந்தப் பயத்தோடு படுத்தேன். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

ஆடி மாதத்தில் திருமுருகன்பூண்டியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை. அவருடைய அம்மா பழனாத்தாள் கெட்டிக்காரி. தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"அந்த ஊட்டு மருமகளை நான் பார்க்கோணுங்க. புருசன் போன புள்ளய எப்படி வெச்சிருக்கறாங்கன்னு பார்த்துட்டுத்தான் மத்த பேச்செல்லாம்."

தாலியறுத்தவளை முன்னால் நிறுத்தக் கூடாது என்பவர்களைத்தான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களாக இருந்திருந்தால் அண்ணியை உள்ளறையில் உட்கார வைத்திருப்பேன், இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஊருக்கு அனுப்பிவைக்கவும் வழியில்லை. விரட்டிவிட்டார்கள் என்று ஆகிவிடும். கார்த்திகையில் வருவதாகச் சொன்னார்கள். மார்கழியில் கல்யாணப் பேச்சு வைக்க மாட்டார்கள், தையில் முகூர்த்தம். என் கையில் நான்கு மாதம் இருந்தது.

மாத்திரை கொடுக்கிற இடத்தில் இருந்த அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். அவர்கள் நன்றாகத்தான் விளக்கினார்கள். "அதுல ஒரு மாத்திரையால வர்றதுங்க. மாத்தித் தரச் சொல்லி எழுதியிருக்கோம். ரெண்டு மூணு மாசம் பொறுங்க. அதுக்குன்னு மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க." மாற்றினால் கன்னம் திரும்பி வருமா என்று கேட்டேன். போன கன்னம் போனதுதான், இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அதே ஊரில் ஒரு தோல் டாக்டரிடம் அண்ணியைக் கூட்டிப் போனேன். கன்னத்துக்குள் ஊசியால் ஜெல் ஏற்றினால் பழையபடி ஆகிவிடும், ஃபில்லர் என்று பெயர் என்றார். அண்ணியின் முகம் அப்போது பார்க்க வேண்டும், பரீட்சையில் பாஸ் என்று சொன்னது போல. பிறகு அவர் எதனால் இளைத்தது, ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். அங்கே இருந்த நர்ஸுக்கு ஊர் எங்கள் பக்கத்து அனுப்பர்பாளையம். தினமும் திருப்பூர் பஸ்ஸில் போய் வருகிறவள். அவள் கையில் அந்த ரத்தச் சீட்டைக் கொடுப்பதும் ஊரில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். எழுந்திருக்கும்போது ஜெல் என்றால் சிலிக்கானா டாக்டர் என்று மட்டும் கேட்டேன். முன்பெல்லாம் சில இடங்களில் அதையும் போட்டார்கள், போடவே கூடாது என்றார். டாக்டர்கள் எதைத்தான் கூடாது என்று சொல்லவில்லை?

சிலிக்கான் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அப்பா ஃபினிஷிங் யூனிட்டில் இருக்கிறார். சாயம் ஏற்றிக் காய்ந்த துணி சாக்கு மாதிரி முரடாக இருக்கும். சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டு எடுத்தால்தான் மெத்தென்று வரும். கெமிக்கல் விற்கிறவர்கள் சாம்பிள் பாட்டிலை அப்பாவிடம் கொடுப்பார்கள். அதிலிருந்து இரண்டு சொட்டு நான் கூந்தலுக்குப் போடுவேன். வெளிநாட்டு சாமானா அக்கா என்று கேட்காத பெண் இல்லை. வெள்ளைக்காரன் பிள்ளையின் உடம்பில் படுகிற துணிக்குப் போடுவது, என் கையில் ஒன்பது வருடமாகப் பட்டது, மனுஷ உடம்புக்கு ஆகாமலா போய்விடும்? கொதிக்க வைத்து ஆற்றினேன். ஊசி போட எனக்குத் தெரியும். அண்ணன் படுக்கையில் இருந்த காலத்தில் நான்தான் போட்டேன்.

புரட்டாசியில் முதல் ஊசி. நான் கட்டாயப்படுத்தியதாக அப்பா உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். முதல் தடவை அண்ணியே ஆசைப்பட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்ன மருந்தையே வாங்கிவிட்டேன் என்று அவளிடமும் அப்பாவிடமும் சொல்லியிருந்தேன். முடிந்ததும் கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவுக இருந்தப்ப இருந்த மொகந்தான் தாயி இது" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த ஒரு நாளை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள முடியாது.

ஆறாம் நாள் வலது கன்னம் சிவந்தது. தொட்டால் உள்ளே புளியங்கொட்டை மாதிரிக் கட்டி. இடது பக்கம் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. சமப்படுத்தாவிட்டால் கோணலாகத் தெரியும். ஐப்பசியில் இரண்டாவது ஊசிக்கு உட்காரச் சொன்னபோது மறுத்தாள்.

"வேணாம் பாரதி. ராவும் பகலும் குத்துதுத்தா. கன்னம் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும்."

"என்ற கல்யாணம் நின்னா நீங்கதான் காரணம் அண்ணி. அண்ணனும் போயிருச்சு, நானும் இப்படியே போயிர்றேன்."

நான் சத்தம் போடவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் பிறகு இரண்டு முறை போட்டேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். வரிசைப்படி பார்த்தால் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். கன்னத்தைத் தின்பது அந்த மாத்திரைதான் என்று அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்கள். நான் ஒரு பக்கம் ஏற்ற ஏற்ற, அது ஒரு பக்கம் தின்றுகொண்டிருந்தால் என் வேலை எப்படி நிற்கும்? அண்ணிக்கு லீவு கிடைக்காது என்பதால் ஆவணியிலிருந்து கோயமுத்தூருக்கு நான்தான் போய் வந்தேன். டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு அதே அளவில் வெள்ளைக் கால்சியம் மாத்திரையைப் போட்டு வைத்தேன்.

"என்னத்தா, மாத்திரை வேற மாதிரி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கவர்மென்டுல கம்பெனி மாத்திட்டாங்க அண்ணி. கன்னத்துக்குக் கெடுதல் இல்லாத மாத்திரை."

"நீ சொன்னாச் சரிதான் தாயி" என்றாள். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு வேளை தவறவில்லை. கொட்டியதையெல்லாம் பார்லரில் முடி எடுக்கிற மெழுகின் காலி டின்னில் போட்டு வைத்திருந்தேன். குப்பையில் எறிய மனம் வரவில்லை. அதில் ஒரு உயிர் இருக்கிறது என்று அந்த மையத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். உங்கள் ஆட்கள் எடுத்தது அந்த டின்தான்.

கார்த்திகை இரண்டாம் ஞாயிறு பூண்டிக்காரர்கள் வந்தார்கள். அண்ணிக்குப் பத்து நாளாக இருமல், இரண்டு நாளாகக் காய்ச்சல். காலையிலேயே மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா கண்ணு என்று அப்பா கேட்டார். அவர்கள் போனதும் போகலாம் என்றேன். சிவப்பு தெரியாமல் முகத்துக்கு ஃபவுண்டேஷன் போட்டு, பச்சைக் கரை சேலை கட்டி, கூடத்தில் சுவரோரம் அண்ணியை உட்கார வைத்தேன்.

பழனாத்தாள் அம்மா என்னைவிட அவளைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு எழுந்து நேராக அவளிடம் போனார்.

"ஏனுங் கண்ணு, எங்க காதுக்கு என்னென்னமோ வந்துது. நல்லாத்தான இருக்கற. இந்தக் கன்னத்தைப் பார்த்துமா அப்படியெல்லாம் பேசறாங்க?"

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அண்ணியின் கன்னங்களை அழுத்தி வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். இறகு பட்டாலே துடிக்கிற கன்னம் மேடம் அது. அண்ணி கத்தவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங் கண்ணு, மேலு இந்தச் சுடு சுடுது?"

"அடுப்படியில நின்னேன், அதாம்மா" என்றாள் அண்ணி. சிரிக்கவும் செய்தாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, பேசி முடிச்சுரலாமுங்க என்று அப்பாவிடம் சொன்னார். முகூர்த்தம், மண்டபம் என்று பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. நடுவில் அண்ணி என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினாள். உதடு நீலமாகியிருந்தது. நான் கொஞ்சம் பொறுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். லிப்ஸ்டிக் இன்னும் ஒரு கோட்டிங் போட்டிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். அவர்கள் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். மாத்திரையே சாப்பிடாத உடம்பு மாதிரி இருக்கிறதே என்று டாக்டர் கேட்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை.

கடைசியாக அவளைக் குளிப்பாட்டி அலங்காரம் செய்ததும் நான்தான். செத்தவர்களுக்குக் கன்னம்தான் முதலில் விழும், நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணிக்கு விழவில்லை. அப்படியே நின்றது. இழவுக்கு வந்தவர்கள் தூங்குகிற மாதிரி இருக்கிறாள் என்றார்கள். பழனாத்தாள் அம்மாவும் வந்திருந்தார். குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார், இந்த முறை ஒரு விரலால். உள்ளே கட்டி இருந்த இடத்திலிருந்து அந்த விரலைக் கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

ஆக, ஊசி போட்டதும் நான், மாத்திரையை மாற்றியதும் நான். மூச்சு முட்டுகிறது என்று தெரிந்தும் உட்கார வைத்ததும் நான். ஊசியில் இருந்தது என்ன என்பதும் மாத்திரையை மாற்றியதும் அப்பாவுக்குத் தெரியாது. இவை எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அண்ணிக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்றுதான் செய்தேன். பழைய முகத்தோடு போய்ச் சேர்ந்தாள் இல்லையா.

புகார் கொடுத்ததே பழனாத்தாள் அம்மாதான் என்று ஏட்டம்மா சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. எங்கள் வீட்டில் வந்து வாய் நிறையப் பேசி நெட்டி முறித்தவர் அப்படிச் செய்ய மாட்டார். இதுவரை பேச்சு இல்லாதது துக்க வீடு என்பதால்தான். தை பிறந்ததும் ஆள் அனுப்புவார்கள், அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் மேடம். ஒரு மாதமாகிறது, என் முகத்தைக் கவனிக்கவே இல்லை.