கொட்டாவிக்கு நான் போட்ட மதிப்பெண்

இந்த நாற்காலி என் வகுப்பறை நாற்காலியைவிட நன்றாக இருக்கிறது. முதுகைச் சாய்க்க முடிகிறது. எங்கள் பள்ளியில் ஆசிரியர் நாற்காலிகளுக்கு ஒரு கால் எப்போதும் குட்டை. நான்கு வருடமாக மடித்த காகிதத்தை அடியில் வைத்துத்தான் பாடம் நடத்தினேன்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பது ஒரு மதிப்பெண்ணைப் பற்றி. நூற்றுக்கு நூறு போட்டது சரியா, தவறா. ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் பின்னணி தெரியாவிட்டால் நீங்கள் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். உங்கள் படிவத்தில் 'மணமானவர்' என்பதை அடித்துவிட்டு 'மனைவியை இழந்தவர்' என்று எழுதியிருக்கிறேன். நாற்பது நாள்தான் ஆகிறது, கை இன்னும் பழைய கட்டத்துக்கே போகிறது.

எங்கள் வாசலில் 'கைத்தொழில் பயிற்சி நிலையம்' என்று பலகை தொங்கும். உள்ளே பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரை நாற்பது பிள்ளைகள் ஆட்களைக் கொல்லப் படிக்கிறார்கள். ஏன் பிள்ளைகள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். முகத்தில் பருவும் தோளில் பையுமாக நிற்கிற பதினைந்து வயதை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. அவ்வளவுதான் காரணம். பட்டியல் மேலிடத்திலிருந்து வரும். காலையில் போய் வேலையை முடித்துவிட்டு வந்து மதியம் புவியியல் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் உண்டு. புவியியலில் பெயிலாகிறவர்களும் உண்டு.

கத்திக்கு ஒரு ஆசிரியர், மருந்துக்கு ஒரு ஆசிரியை, உயரமான இடங்களுக்கு ஒருவர். நான் எடுப்பது 'சாதாரணம்'. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மற்ற மூன்றையும் ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வரிசையில் நிற்பது எப்படி, பையில் இல்லாத பொருளைத் தேடுவது எப்படி, பேருந்தைத் தவறவிட்டவள் மாதிரி சலித்துக்கொள்வது எப்படி என்பதற்கெல்லாம் இரண்டு வருடம் வேண்டும். கல்லூரியில் நான் உளவியல். படித்த படிப்புக்கே வேலை கிடைத்த வெகு சிலரில் நானும் ஒருவன்.

என் மாணவர்களில் முதலிடம் கொட்டாவிக்கு. பதினாறு வயதுப் பெண், பள்ளியில் அவளுக்கு அதுதான் பெயர். சொன்ன மாத்திரத்தில் கொட்டாவி விடுவாள். கண்ணில் நீர் கோக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும். முதல் நாள் செய்துகாட்டியபோது எனக்கே வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த கத்தி ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன சார், உங்க பாடம் உங்களுக்கே தாங்கலையா?" என்றார்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை எழுத்துப் பலகை வைத்துச் சோதிப்போம். முன்னால் நிற்பவன் படிப்பதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்துவிடுவாள். கண் சரியில்லாத பிள்ளைகளைக் கழித்துவிடுவார்கள். வீட்டுக்கு அனுப்புவது என்று நினைக்காதீர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு வீடு கிடையாது. எனக்கு விஷயம் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஈரமே இல்லை என்று அறிக்கையில் எழுதுவதாக இருந்தால் இதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பின்தொடர்தல் பயிற்சி. ஒவ்வொரு பிள்ளையும் ஊருக்குள் ஒரு ஆளைப் பத்து நாள் பின்தொடர்ந்து தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியது உண்மையா என்று திருத்துகிறவனுக்குத் தெரிய வேண்டுமே. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். ஆசிரியர்கள் தங்கள் வீட்டு ஆளையே கொடுப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், "இன்னைக்கு எங்கெல்லாம் போன?" என்று கேட்டால் விடை கைக்கு வந்துவிடும். வீட்டு ஆட்களுக்கு எதுவும் தெரியாது. கத்தி ஆசிரியர் தன் மாமியாரைக் கொடுத்தார். அந்த அம்மாள் பத்து நாளும் வீட்டைவிட்டு நகரவில்லை. பையன் பத்துப் பக்கமும் 'தூங்குகிறார்' என்று எழுதிக் கொடுத்தான். முழு மதிப்பெண்.

நான் கொட்டாவிக்கு என் மனைவியைக் கொடுத்தேன்.

ஒரு விதியை மட்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவோம். பார்க்கப்படக் கூடாது. பின்தொடரும் பிள்ளையை அந்த ஆள் பார்த்துவிட்டால், ஏழு நாளுக்குள் அந்த ஆளை அந்தப் பிள்ளையே முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் இரண்டு பேரையும் பள்ளி முடிக்கும். என் நான்கு வருடத்தில் இது தேவைப்பட்டதே இல்லை. மாமியார்கள் யாரையும் கவனிப்பதில்லை.

என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸ் தேய்ப்பது, ஃபிரேமை வளைத்துக் காதுக்குப் பொருத்துவது. யாராவது கண்ணை இடுக்கிப் பார்த்தால் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே அவர்களுடைய பவரைச் சொல்லிவிடுவாள். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் நான்கு பக்கங்கள் சுமார் ரகம். 'நீலமோ சாம்பலோ ஆன சட்டை.' ஐந்தாம் நாளிலிருந்து எழுத்தின் தோரணையே மாறியது. ஆறாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'எதிர் நடைபாதையிலிருந்து, முப்பது அடி. சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் மஞ்சள் நூலில் தைத்திருக்கிறது.'

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உண்மை. மற்றதெல்லாம் வெள்ளை நூல், அது ஒன்று மஞ்சள். எனக்கு அதுவரை தெரியாது.

முப்பது அடி தள்ளி நின்று நூலின் நிறம். கொட்டாவியின் கண்ணுக்கு அது ஆகாத காரியம்.

மறுநாள் இடைவேளையில் கடைக்கு எதிரே போய் நின்றேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொட்டாவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் மெல்லிய ஃபிரேம். என் மனைவி அதைக் கழற்றி, தன் சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்ப்பாள். அதை நான் மறந்துபோயிருந்தேன். என் கண்ணாடியை எப்போதும் கடைத் துணியால்தான் துடைப்பாள்.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் சாதாரணமாக நின்றிருந்தேன்.

அன்று ஆறாம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: பார்க்கப்பட்டாள். கண்ணாடியைப் பற்றி எழுதவில்லை, கவனியுங்கள். 'பொறாமை' என்று நீங்கள் குறித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. அடித்துவிடுங்கள். தாள் திருத்துகிறவன் உள்ளதை எழுத வேண்டும், அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பாவம், நல்ல பொண்ணு," என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் கொட்டாவி போகாமல் நின்றாள்.

"சார், அந்த வார்த்தைய எடுத்துடுங்க சார்."

"தலைமை ஆசிரியர் பாத்தாச்சு."

"அவரு எதையும் படிக்க மாட்டாரு, உங்களுக்கே தெரியும். வேற தாள் எழுதித் தரேன். அக்கா உங்க வீட்டு ஆளு சார்."

"அதனாலதான் என்னால சரியாத் திருத்த முடியுது."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு, "நீங்க நல்லா நடிக்கிறீங்க சார். எங்களுக்குத்தான் இன்னும் வரல," என்று சொல்லிவிட்டுப் போனாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவள் நேராகக் கடைக்குப் போயிருக்கிறாள். அன்று சாப்பிடும்போது என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு, கல்யாணத்துக்குப் பிறகும் வா, போ, டேய்தான்.

"தச்சு வேலை சொல்லித்தர்றேன்னு சொன்ன. நானும் நம்பிட்டு இருந்தேன். நாலு வருசமா ஒரு முக்காலி செஞ்சுகூடக் கொண்டு வரலையேன்னு மட்டும் யோசிச்சேன்."

"விதி அப்படி," என்றேன்.

"விதிய விடு. தினம் என் எதிர்ல உக்காந்து சாப்பிடறியே, இந்தப் பொத்தான நீ பாத்தியா?"

"பார்த்தேன். நேத்து."

அவள் சிரித்தாள். தலை சாயவில்லை. "டேய், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. எனக்காக அது மட்டும் செய்."

"சரி," என்றேன். நீங்கள் அடிக்கோடு இட வேண்டியது இந்தச் 'சரி'யைத்தான்.

அதன் பிறகு அவள் சாதாரணமாகவே இருந்தாள். கற்றுக்கொடுக்காமலேயே நன்றாக வந்தது. மூன்றாம் நாள், "ஆறாம் தேதி லீவு போட முடியுமா உன்னால?" என்று கேட்டாள். ஆறாம் தேதி என்பது கெடுவின் ஆறாம் நாள்.

"எதுக்கு?"

"சும்மா. காலையில எங்கேயாவது போலாம்னு."

"பரீட்சை நேரம்," என்றேன்.

"கேளு. கேட்டாத் தருவாங்க."

நான்காம் நாள் கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருந்தது. மேலாக அவள் உடைகள். அதற்குக் கீழே கொட்டாவியின் அளவில் ஒரு ஜோடி புதுச் செருப்பு. இரண்டு பேரும் கிளம்புகிறார்கள் என்று புரிந்தது. பையின் அடிவரை நான் பார்க்கவில்லை. அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஓடிப்போகிறவர்கள் பிடிபடுவார்கள். எங்கள் பள்ளியில் ஓடியவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் பிடிபட்டார்கள். பிடிபட்டால் இரண்டு உயிர். முன்கூட்டியே முடிந்துவிட்டால் ஒன்று. கொட்டாவிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கேட்டவள் என் மனைவி. சரி என்று சொன்னவன் நான். உளவியல் படித்தவன் என்பதால் சொல்கிறேன், நிதானமாக யோசித்தேன். கோபம் துளிகூட இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் நான் தேநீர் போட்டேன். மருந்து ஆசிரியையின் அலமாரிச் சாவி எங்கே தொங்கும் என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். எது வலிக்காது என்று அவரே புட்டியில் எழுதி ஒட்டியிருப்பார். பொறுப்பான பெண்மணி.

"என்னடா அதிசயம், நீ டீ போடற?" என்றாள் என் மனைவி. ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தல," என்று எழுந்து போய்ப் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு முழுவதையும் குடித்தாள். "லீவு கேட்டியா?" என்றாள். "கேட்கிறேன்," என்றேன். "நல்ல பையன்," என்று சொல்லி மேசையில் கன்னத்தைச் சாய்த்தாள். மஞ்சள் நூல் பொத்தான் மேசை விளிம்பில் பட்டு ஒரு சின்னச் சத்தம் வந்தது. அன்று பள்ளிக்கு இருபது நிமிடம் தாமதம். நான்கு வருடத்தில் அது ஒன்றுதான், வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாம்.

போனதும் கொட்டாவியின் தாளில் 'முடித்தாள்' என்று எழுதி, நூறு போட்டேன். இதுதான் உங்களுக்கு வேண்டிய ஒப்புதல். முடித்தவன் நான், மதிப்பெண் அவளுக்கு. விதிப்படி அது தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

மைதானத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் வாங்கிக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் கொட்டாவி விட்டு நான் பார்க்கவில்லை. போன வாரம் முதல் வேலைக்கு அனுப்பினார்கள். போனவள் திரும்பவில்லை. போவதற்கு முன்னால் சான்றிதழை என் மேசையில் வைத்திருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'செய்தது நான் இல்லை. திருத்தியவர்தான்.' எழுத்து குண்டு குண்டாக, நேராக இருந்தது. அதைத்தான் தலைமை ஆசிரியர் என் மேசையிலிருந்து எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளைப் படித்திருக்கிறார்.

அவர் உங்களுக்கு அனுப்பாத ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. சான்றிதழோடு ஒரு உறை இருந்தது. இதோ. தொலைதூரப் பேருந்துப் பயணச்சீட்டு. ஆறாம் தேதி, காலை ஏழு மணி. என் மனைவி எடுத்தது, அவள் கையெழுத்து பின்னால் இருக்கிறது. முன்பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள்: பெரியவர் இரண்டு, மாணவர் ஒன்று.

கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சு சுவாரசியத்தில் எண்ணை மாற்றித் தட்டிவிடுவது சகஜம். பெரியவர் ஒன்று என்றுதான் இருந்திருக்க வேண்டும். உங்களிடம் சிவப்பு மை இருந்தால் கொடுங்கள், திருத்தித் தருகிறேன்.