தூங்கும் குழந்தையின் கனம்

தூங்கும் குழந்தை கூடுதலாகக் கனக்கும். தூக்கிச் சுமந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தக் கனம் பிடிக்கும், சார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் அறைக்கு முந்தைய அறையில் நான்தான் நர்ஸ். சின்னப் பிள்ளைகள் அழாமல் உள்ளே போவதற்கு டாக்டர் எழுதித் தரும் மருந்தை இனிப்பு கலந்து புகட்டுவேன். கொஞ்ச நேரத்தில் கண் செருகும், நாக்கு குழறும். அப்போது தாயிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொள்வேன். தாய் கதவுக்கு வெளியே நின்றுவிட வேண்டும். போகிற வழியில் பாதிப் பேர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்பார்கள். யார் தோள் என்று அதுகளுக்குத் தெரியாது, விழித்த பிறகு ஞாபகமும் இருக்காது. யாருக்கும் நஷ்டமில்லை.

டாக்டர்களும் என்னை "ஏம்மா, இங்க வாம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். அது வேறு. வீட்டில் கூப்பிட யாருமில்லை. அதற்காக நான் ஊரைக் கூட்டி அழுததில்லை.

சில பிள்ளைகள் லேசில் மசியாது. அவற்றுக்கு மட்டும் டாக்டர் சொன்னதற்கு மேல் கொஞ்சம் கொடுப்பேன். எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போனவைதான். "உங்க கைராசி, சிஸ்டர்" என்பார்கள் தாய்மார்கள்.

அந்த வாயாடியின் விஷயத்துக்கு வருகிறேன். தொண்டைச் சதை எடுக்க வந்த நாலு வயதுக்காரி. மருந்து குடித்த பிறகும் என் தோளில் நிமிர்ந்தே இருந்தாள், பேச்சும் ஓயவில்லை.

"அம்மாகிட்டதான இருக்க? படுத்துக்கோடா கண்ணு" என்றேன்.

"நீங்க எங்கம்மா இல்ல. எங்கம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க. நீங்க சிஸ்டர் ஆன்ட்டி."

எனக்குச் சுருக்கென்றது. கோபம் என்று சொல்ல முடியாது. இன்னொரு தரம் புகட்டினேன். சமர்த்தாகக் குடித்தாள், இனிப்பாக இருக்கிறது என்றாள்.

பிறகு சாய்ந்தாள். உள்ளே முந்தைய ஆபரேஷன் முடிந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிடத்திக்கொண்டேன். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டியிருந்த கிளிப்பின் மெஷின் கத்த ஆரம்பித்தது. பிள்ளை விழித்துவிடுமே என்று கழற்றிவைத்தேன். அறை அமைதியானது. கதவுக்கு அந்தப் பக்கம் அவளைப் பெற்றவள் நடக்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மடியில் பிள்ளையின் உதடு நிறம் மாறுவது எனக்குத் தெரிந்தது. நான் எழுந்தால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும். அதனால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.

இதைத்தான் கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. பெற்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ள கடைசியா ஏதாவது சொல்லுச்சா, சிஸ்டர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சாய்வதற்கு முன்னால் "அம்மா" என்று சொல்லியிருந்தாள். அதை எடுத்து எப்படி அவளிடம் கொடுப்பேன்? என்னைக் கூப்பிட்டதல்லவா.