கைதட்டிக் கூப்பிட்டவள்

இன்று காலை புதுச்சேரி ஸ்டேஷனில் விழுப்புரம் வண்டிக்கு முதல் மணி அடித்துவிட்டது. பெட்டியில் என் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் ஒருத்தி, தண்ணீர் பிடிக்கப் போன கணவனை ஜன்னல் வழியாகக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனோ கூஜாவும் கையுமாக, யாரோ ஒரு பிரெஞ்சுக்கார முசியேவுக்கு மாலை போட்டு வழியனுப்பும் கூட்டத்தில் வேடிக்கை பார்த்து நின்றான். இவள் தட்டத் தட்ட, முசியேவுக்குத்தான் என்று நினைத்துக் கூட்டமும் சேர்ந்து தட்டியது. கூஜாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனும் தட்டினான்.

"நீ நிறுத்துனாத்தான் அவங்க நிறுத்துவாங்க," என்றாள் பக்கத்தில் இருந்த மீன்காரி. "பேரச் சொல்லிக் கூப்புடு."

"ஊட்டுக்காரர் பேரயா? மாட்டேன்க்கா."

"எங்கிட்ட சொல்லு, நான் கூப்புடுறேன்."

"அதுவும் சொல்றதுதானே."

"அப்ப அவரு நடந்தே வரட்டும்."

இரண்டாம் மணியும் அடித்தது. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "மாதா கோயில் மாதாவுக்குப் புருஷர் யாருக்கா? அவரு பேருதான்."

மீன்காரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "ஏ சூசை, ஓடியா, வண்டி கெளம்புது."

கூட்டத்திலிருந்து மூன்று சூசைகள் ஓடி வந்தார்கள். கூஜா வைத்திருந்தவன் மட்டும் ஏறிக்கொண்டான்.

வண்டி நகர்ந்ததும் மனைவியைப் பார்த்து முறைத்தான். "நடு ஸ்டேஷன்ல என் பேர ஏலம் போடுறாங்க. நீ ஒரு தட்டு தட்டியிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

அவள் சிவந்துபோன இரண்டு உள்ளங்கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.