அண்ணைக்கும் மச்சாளுக்கும் இடையிலான கோடு

"கிடவுங்கோ! நிலத்தோடை கிடவுங்கோ!"

மச்சாள் கத்துகிறாள். ஆமி இருக்கிற கோட்டைப் பக்கம் 'டும்' என்கிறது. பிறகு விசில். விசில் நீண்டால் ஷெல் தலைக்கு மேலால் போய்விடும். இது நீளவில்லை.

பதுங்கு குழி, எங்கள் பங்கர். அதற்குள் முதலில் அம்மா. பிறகு நான். மச்சாளின் தோளைப் பிடித்து அண்ணை உள்ளே தள்ளுகிறான். அவள் என் மடியில் விழுகிறாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அவனுக்குக் கால் வைக்க இடம் இருக்கவில்லை. வெடித்தது. மண் கொட்டியது. பிறகு காதுக்குள் ஒரே இரைச்சல். வேறு சத்தம் இல்லை.

1987, வைகாசி. யாழ்ப்பாணம்.

கல்யாணம் அதற்கு முதல் கிழமை, ஒரு வாரம் முன்புதான் நடந்தது. எங்களிடம் முதலில் எழுத்து, அதாவது பதிவு. பிறகு தாலி. பதிவுக் கந்தோர் ஷெல்லடியால் பூட்டிக் கிடந்தது. ஆகவே தாலி முந்தியது. பிள்ளையார் கோயில். சாட்சிகள் நால்வர்: ஐயர், அம்மா, மச்சாளின் தகப்பன், நான். மேளம் இல்லை.

"எழுத்தைப் பிறகு பாப்பம்," என்றான் அண்ணை.

இப்போது 1989, மாசி. கனடாவில் ஸ்காபரோ. வெளியே பனி. மச்சாள் தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில் தனியாக இருக்கிறாள். அவளை இங்கே கூப்பிட வேண்டும். அதற்கு அவள் என் அண்ணையின் மனைவி என்று காட்ட வேண்டும்.

சட்டத்தரணிக்கு மொழிபெயர்க்கும் அன்ரி கேட்டார்.

"எழுத்து முடிஞ்சதோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. தாலி கட்டினது."

"படமாவது கிடக்கோ?"

"ஷெல்லுக்கை ஆர் அன்ரி படம் எடுக்கிறது?"

"உதை உந்தக் குடிவரவுக்காரருக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?" அன்ரி பேனையை மூடினார். "கண்ட ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லட்டும்."

நான் ஊரில் படவரைஞர் பயிற்சி முடித்தவள். இங்கும் அதே வேலை. இந்த மாதம் ஒரு கண்காட்சிக்காக பழைய பிரான்சின் நோர்மண்டிக் கோமக்களின் வம்சப் படம் வரைகிறேன். விதி எளியது. தேவாலயத்தில் நடந்த திருமணத்துக்கு இரட்டைக் கோடு. அவர்களின் முன்னோரான டேனியரின் வழக்கப்படி சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு விட்டு விட்டுப் போகும் முறிகோடு. சொந்தங்கள் கூடி ஏற்றுக்கொண்டாலும் குருமார் ஏற்காத உறவு அது.

குன்னோர் என்ற பெண்ணுக்கு முறிகோடு. அவளுடைய மகள் இங்கிலாந்துக்கு இரு தடவை அரசியானவள். நான் இரட்டைக் கோடு போட்டுவிட்டேன். கை தானாகப் போட்டது. மேலாளர் கண்காட்சிக்காரர் தந்த வரலாற்றுக் குறிப்பைக் காட்டினார். பிளேட்டால் மையைச் சுரண்டினேன். பிறகு குறிப்பை முழுவதும் வாசித்தேன். மகனைப் பேராயராக்குவதற்காகக் கோமகன் பின்னாளில் அவளைத் தேவாலயத்திலும் மணந்தானாம். இரண்டு கோடும் அவளுக்கு உண்டு. முதலில் முறிகோடு. அதன் கீழே இரட்டைக் கோடு.

அவர்களும் பிறகு பார்ப்போம் என்றுதான் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பிறகு வந்தது.

மச்சாளுக்கு வரவில்லை. அவளை யாரும் சேர்ந்து வாழ்ந்தவள் என்று எழுதக் கூடாது. நாளைக் காலை சட்டத்தரணி முன் சத்தியம் செய்து சொல்லப் போகிறேன். சொல்லப் போவதையே இங்கும் எழுதுகிறேன். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். அண்ணை கட்டினான். அவன் மூன்றாவது முடிச்சைப் போட, நான் மச்சாளின் பின்னலைத் தூக்கிப் பிடித்தேன். கோட்டையில் 'டும்' என்றது. ஒருவரும் எழும்பவில்லை.

இழந்தவை: வீடு. கிணறு. என் வரைகருவிப் பெட்டி.

இழந்தவர்கள்: அண்ணை, பங்கர் வாசலில். ஐயர், அதே கிழமை, கோயில் வீதியில். மச்சாளின் தகப்பன், மண்டபத்துக்குப் படகில் போகையில், கடலில், அவளுக்குப் பக்கத்தில். அம்மா, மறு வருஷம், மருந்து கிடைக்காமல்.

அந்தத் தாலிக்குச் சாட்சிகள் நால்வர். மிச்சம் நான்.