முனவராம்மாவின் பங்காளிகள்

பெருமதிப்புக்குரிய தலைவர் அப்துல் வாஹித் ஐயா அவர்களே! கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக நடிக்கும் மாமாக்களே! முதலில் ஒரு துயரச் செய்தி. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் நம் நெய்வேலியில், இந்த மன்றத்தின் மூன்றாவது மின்விசிறி இன்று காலை தன் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டது. அன்னாருக்கு நேர் கீழே அமர்ந்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரவும்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. அடுத்ததைச் சொல்ல எனக்கு மூச்சு வேண்டும்.

நம் முனவராம்மா இல்லை. சுரங்க கேன்டீனில் கடைசிவரை கான்ட்ராக்ட்டாகவே இருந்தவர், போன வாரம் பர்மனென்ட் ஆகிவிட்டார். இப்படியா ஆக வேண்டும்? தோண்டுவது நமக்குப் புதிதா? மண்ணைத் தோண்டி மலையாகவே கொட்டி வைத்திருக்கும் ஊர் இது! ஆனால் கபர்ஸ்தானில் நான் போட்ட ஒரு கைப்பிடி மண் விழுந்த சத்தம், வகுப்பில் உட்கார்ந்தாலும் கேட்கிறது. சைக்கிள் மிதித்தாலும் கேட்கிறது.

நிலத்துக்காகவும் கூலிக்காகவும் போராடும் சின்னச் சின்னக் குழுக்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை முன்வந்தது. யாருக்குத் தருவது என்பதைப் போராடுகிறவர்களே கூடி முடிவு செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தவர் யார்? முனவராம்மா! முதல் கூட்டத்துக்கு வந்த அறக்கட்டளை அதிகாரி, “பயனாளிங்க எல்லாம் வந்தாச்சா?” என்று கேட்டார்.

“அப்படி இங்க யாரும் இல்லீங்களே. பங்காளிங்கதான் வந்துகினு இருக்காங்க.”

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த பெரியண்ணன் மாமா பதறிப்போனார். “எம்மா, பங்காளின்னா வெட்டுகுத்துல்ல ஆவும்?”

“ஆவட்டும்ங்க! பங்கு இருக்கறவன் சண்ட போடுவான். வாங்கிக்கினு போறவன் கும்புடுதான் போடுவான்.”

அன்று முதல் அது பங்காளி நிதி. சண்டை இல்லாமல் ஒரு முடிவும் எடுத்ததில்லை. எல்லோரும் தலையாட்டி முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வரும்: “இன்னும் வாயத் தொறக்காதது யாரு?”

பிளஸ் டூ படிக்கிற என்னைக் குழுவில் சேர்த்ததும் அவர்தான். “டேய் சிலம்பு, வெளிய நின்னு கலாய்ச்சிகினு இருக்காத. உள்ள வந்து கலாய்.”

அவர் இல்லாத முதல் கூட்டம் போன ஞாயிறு நடந்தது. ஊழியர் குவார்ட்டர்ஸ்களைப் பெருக்கும் பெண்களுக்கு ஒரு சங்கம் தொடங்க, அவர்களில் ஒருவரான செந்தாமரை அக்கா நம் நிதியிலிருந்து உதவி கேட்டிருந்தார். கேட்டதற்கே அவருக்கு வேலை போய்விட்டது. “வம்பு வேணாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் ஒருவர். தலையாட்டினோம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தோம்! அங்கே யாருமில்லை. யாருமில்லாத இடத்துக்கு ஏன் பயந்தோம்? தலைவர் மெல்ல, “இரங்கல் கூட்டம் முடிஞ்சதும் மறுபடி பேசலாம்” என்றார். அந்த மறுபடி, இன்றைக்கு.

அதனால்தான் தலைவரிடம் நானே மார்தட்டிக்கொண்டு மைக் கேட்டேன். முனவராம்மா குரலில் பேச இந்த நகரியத்தில் என்னை விட்டால் ஆள் உண்டா? அந்தக் குரலில் போன் போட்டு, பெரியண்ணன் மாமாவைச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவர வைத்தவன் நான்! “எனக்கு ஜலதோஷம் புடிச்சா நீயே கூட்டத்த நடத்திடுவடா” என்று அவரே சிரித்தார். “இன்னிக்குப் பாருங்க ஐயா, அவங்களே வந்து கேட்ட மாதிரி இருக்கும். ஒருத்தரும் தலையாட்ட மாட்டாங்க” என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தோழர்களே! பங்காளி நிதியைக் கும்பிடு நிதியாக விடமாட்டோம். சண்டை போட்டே நடத்துவோம். இது உறுதி. இப்போது அந்தக் குரல்...

...

வரலைங்க.

காலையிலிருந்து குளியலறையில் பழகிப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. மேடை ஏறினால் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். கரகரவென்று என் குரல்தான் வருகிறது, அதுவும் பாதியில் உடைகிறது. கொஞ்சம் ஓவராகத்தான் பேசிவிட்டேன் ஐயா.

செந்தாமரை அக்கா, மைக்கை உங்க பக்கம் திருப்புறேன்.